அண்ணனின் நான்கு தடக் கேசட்டுகளை மீட்ட கதை: செய்த வேலையும் ஆன செலவும்

எங்கள் வட்டத்தில் வீட்டிலேயே பாட்டுப் பதிந்தவர்களுக்கெல்லாம் அவர் அண்ணன். திருச்சி மெல்லிசைக் குழுக்களில் கீபோர்டும் கிடாரும் வாசித்தவர். கச்சேரி இல்லாத இரவுகளில் தன் சொந்தப் பாட்டுகளை டாஸ்காம் 424 என்ற நான்கு தட (டிராக்) கேசட் ரெக்கார்டரில் ஒவ்வொரு தடமாக அடுக்கி வைத்தார். அவர் காலமானபின் வீட்டார் எடுத்துக் கொடுத்த அட்டைப்பெட்டியில் டிடிகே எஸ்ஏ, மேக்ஸெல் எக்ஸ்எல் டூ கேசட்டுகள், சில ஃபிளாப்பிகள், ஒரு கோடு போட்ட நோட்டு, அந்த 424 எல்லாம் இருந்தன. முழுதாகத் தேறிய பாட்டுகள் பதினொன்று. அவை இப்போது தனித்தனித் தடங்களாகக் கணினிக்கு வந்து, கலவையும் (மிக்ஸிங்) முடிந்துவிட்டது. 1980, 90-களில் இப்படிப் பதிந்தவர்கள் ஒவ்வொரு ஊரிலும் உண்டு. அவர்கள் வீட்டுப் பரணிலும் இதேபோல் பெட்டிகள் இருக்கும். அந்தப் பெட்டிகள் கையில் கிடைப்பவர்களுக்காக, செய்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. இந்தக் கேசட்டைச் சாதாரண டேப் ரெக்கார்டரில் போட்டுப் பார்த்துவிட்டுக் குப்பையில் எறிந்தவர்கள் பலர். சாதாரணக் கேசட்டில் ஒரு பக்கத்துக்கு இரண்டு தடம், திருப்பிப் போட்டால் இன்னும் இரண்டு. நான்கு தடக் கருவி இந்த நான்கையும் ஒரே திசையில் பதியும். 424-ன் வேகத்தை ‘ஹை’யில் வைத்துப் பதிந்திருந்தால் நாடா நொடிக்கு 9.5 சென்டிமீட்டர் ஓடியிருக்கும். இது சாதாரணக் கேசட் வேகத்தைப்போல் இரு மடங்கு. ஆகவே வீட்டு டேப் ரெக்கார்டரில் ஒரு பக்கம் போட்டால் இரண்டு வாத்தியம் பாதி வேகத்தில் முனகும். மறுபக்கம் போட்டால் மற்ற இரண்டும் பின்னோக்கி ஓடும். கேசட் கெட்டுவிட்டது என்று தோன்றுவது இயல்புதான். உண்மையில் அதற்கு ஒன்றுமே ஆகியிருக்காது.

எதையும் ஓட்டுவதற்கு முன், ஒவ்வொரு கேசட்டின் மேல்விளிம்பிலும் உள்ள இரண்டு பிளாஸ்டிக் தடுப்புகளையும் உடைத்துவிட வேண்டும். நான்கு தடக் கருவியில் ரெக்கார்டு பட்டனும் தடத் தேர்வு சுவிட்சுகளும் பக்கத்துப் பக்கத்திலேயே இருக்கும். தடுப்பு இருந்தால் ஒரு விரல் தவறினால் ஒரு தடம் போய்விடும். அடுத்து அட்டை, லேபிள், நோட்டுப் பக்கங்கள் எல்லாவற்றையும் படம் எடுக்க வேண்டும். அண்ணனின் அட்டைகளில் தடம் வாரியாக எழுத்து இருந்தது: ‘1 ரிதம், 2 கிடார், 3 குரல், 4 சிங்க்’. ஓரத்தில் ‘பிட்ச் -2’ என்பதுபோல் சில குறிப்புகள். முதலில் அர்த்தம் புரியாவிட்டாலும் இவற்றில் ஒன்றையும் விடக்கூடாது. ஒவ்வொன்றும் பின்னால் தேவைப்பட்டது.

பூஞ்சை பிடித்த கேசட்டை நல்ல கருவியில் போடவே கூடாது. ஜன்னல் வழியே பார்த்தால் நாடாச் சுருளின் பக்கவாட்டில் வெள்ளைப் பொடி தெரியும். அதை ஓட்டினால் பொடி, நாடாவைப் படிக்கும் ஹெட்டில் ஒட்டிக்கொண்டு அடுத்த கேசட்டுக்கும் பரவும். அப்படிப்பட்டவற்றைத் தனியாகப் பிரித்து, காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு இரண்டு வாரம் வைத்து உலர்த்தினோம். பிறகு முகக்கவசம் கட்டிக்கொண்டு, மொட்டை மாடியில், பஞ்சு உதிராத உலர்ந்த துணியை நாடாவின் இருபுறமும் லேசாகப் பிடித்தபடி கையால் சுற்றித் துடைத்தோம். ஈரம் சேர்க்கவில்லை, ஆல்கஹால் ஹெட்டுக்குத்தான், நாடாவுக்கு வேண்டாம்.

நாடா நன்றாக இருந்தாலும் கூடு கெட்டிருக்கும். ஹெட்டுக்கு நேர் எதிரே நாடாவை அழுத்தும் சின்ன ஃபெல்ட் துண்டின் பசை காய்ந்து உதிர்ந்துவிடும். அது இல்லாமல் ஓட்டினால் ஒலி மங்கி மங்கி வரும். ஐந்து திருகு போட்ட கூடென்றால் திறந்து, அதே மாதிரி இன்னொரு கேசட்டின் கூட்டுக்கு நாடாவை மாற்றிவிடலாம். இரண்டு சுருளையும் விரல்களுக்கு நடுவே சேர்த்துப் பிடித்து ஒரே தூக்கில் மாற்ற வேண்டும். ஒரு சுருள் நழுவினால் அரை நாள் போய்விடும். ஒட்டி மூடிய கூடென்றால் ஓரத்தில் மெல்லிய கத்தியை விட்டு நெம்பித் திறக்க வேண்டியதுதான். கூட்டுக்கும் சுருளுக்கும் நடுவே இருக்கும் வழவழப்பான தாளையும் கூடவே மாற்றுங்கள். அது இல்லாவிட்டால் சுருள் உரசி ஒலி நடுங்கும். நாடாவின் நுனியில் இருக்கும் பதிவில்லாத லீடர் துண்டின் இணைப்பு விட்டுப்போன இடத்தில் கேசட்டுக்கென்றே வரும் 3.81 மில்லிமீட்டர் ஒட்டுநாடாதான் வேண்டும். செல்லோ டேப்பில் பசை கசிந்து அடுத்த சுற்றோடு ஒட்டிக்கொள்ளும்.

இனி கருவி. பதிந்த கருவியே கிடைத்தால் அதைவிட நல்லது எதுவும் இல்லை. பதிந்த ஹெட்டும் வாசிக்கும் ஹெட்டும் ஒன்றே என்பதால் அதன் கோணம் நாடாவோடு தானாகவே பொருந்தும். ஆகவே ஹெட்டின் பக்கத்தில் ஸ்பிரிங்கோடு இருக்கும், அந்தக் கோணத்தை மாற்றும் அஸிமத் திருகைத் தொடாதீர்கள். அதன்மேல் இருக்கும் பெயின்ட் பொட்டுக்கூட உரியக்கூடாது. பழைய கருவியை ‘சர்வீஸ்’ என்று கொடுத்தால் கடைக்காரர் முதலில் திருப்புவது அதைத்தான். ஹெட் தேய்ந்திருந்தாலோ வேறு கருவி வாங்க நேர்ந்தாலோ மட்டும் அதற்குப் போகலாம். அப்போதும் ஒரு சிக்கல் உண்டு. ஸ்டீரியோ கேசட்டில் இடது வலது இரண்டையும் ஒப்பிட்டுக் கோணம் சரிசெய்யும் வழக்கமான முறை இங்கே உதவாது, ஏனென்றால் ஒவ்வொரு தடத்திலும் வேறு வாத்தியம். ரிதம் மெஷினின் ஹை-ஹேட் இருக்கும் தடத்தை மட்டும் கேட்டு, அது மிகக் கூர்மையாக ஒலிக்கும் இடத்தில் திருகை நிறுத்த வேண்டும். ஸ்பெக்ட்ரம் அனலைசரில் 8 முதல் 12 கிலோஹெர்ட்ஸ் வரை பார்த்துக்கொண்டே செய்தால் காதுக்கும் துணை கிடைக்கும்.

அண்ணனின் 424-ல் மோட்டார் சுற்றியது, நாடா நகரவில்லை. நாடாவை இழுக்கும் தண்டான கேப்ஸ்டனைச் சுழற்றும் பெல்ட் உருகித் தாராகிப் புல்லியில் ஒட்டியிருந்தது. ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலும் பஞ்சுக் குச்சியும் கொண்டு அதைச் சுத்தம் செய்வதுதான் மொத்த வேலையிலேயே அழுக்கானது. ஒரு துளி மிச்சமிருந்தாலும் புது பெல்ட் வழுக்கும், கையுறை கட்டாயம். பழைய பெல்ட்டின் அளவு தெரியாதபோது, புல்லிகளைச் சுற்றி நூல் ஓட்டி நீளம் எடுத்து அதிலிருந்து ஐந்து சதவீதம் குறைத்தால் வாங்க வேண்டிய அளவு கிடைக்கும். கேப்ஸ்டனுக்குத் தட்டையான பெல்ட்தான் வேண்டும். கடையில் அளவு சரியாக இருக்கிறது என்று சதுர பெல்ட்டைத் தருவார்கள். போட்டால் நீண்ட ஸ்வரமெல்லாம் நடுங்கும். நாடாவைக் கேப்ஸ்டனோடு அழுத்தும் பிஞ்ச் ரோலரின் ரப்பரைச் சோப்புத் தண்ணீரில் துடைத்து உலர விட்டோம். ஹெட்டுக்கும் கேப்ஸ்டனுக்கும் ஆல்கஹால். கடைசியாக, ஹெட்டில் ஏறிய காந்தத்தை நீக்கும் டீமேக்னடைசர்: கருவி அணைந்திருக்க, கேசட்டுகள் வேறு அறையில் இருக்க, ஒரு கை தூரத்தில் அதை ஆன் செய்து, மெதுவாக ஹெட்டை நெருங்கி, அதேபோல் மெதுவாக விலகி, தூரம் வந்தபிறகு ஆஃப் செய்ய வேண்டும். ஹெட்டின் அருகிலேயே ஆஃப் செய்தால் இருந்ததைவிட அதிகக் காந்தம் ஏறிவிடும்.

அடாப்டர் விஷயத்தில் அவசரம் வேண்டாம். வெளிநாட்டில் வாங்கி வந்த கருவிகள் பலவும் 110 வோல்ட் அடாப்டரோடுதான் வந்திருக்கும். கருவியின் பின்னால் எழுதியிருக்கும் வோல்ட்டையும் பிளஸ் மைனஸ் எது உள்ளே எது வெளியே என்பதையும் பார்த்த பிறகே சொருகுங்கள்.

சரிசெய்த கருவியில் முதலில் ஓட்டியது ஒன்றுக்கும் உதவாத ஒரு பழைய கேசட்டை. அது ஒரு பக்கம் முழுக்கச் சிக்காமல் ஓடியபிறகே அண்ணனுடையவை உள்ளே போயின. பல வருடம் ஓடாத நாடாவை ஒருமுறை முழுக்க முன்னும் பின்னும் சுற்றிவிடுவது நல்லது. சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டியிருப்பது விடும். அடுத்த சுற்றிலிருந்து கசியும் முன்-எதிரொலியும் கொஞ்சம் குறையும்.

கணினிக்கு எடுக்கும்போது நான்கு தடமும் ஒரே ஓட்டத்தில் வர வேண்டும். நான்கு ‘டேப் அவுட்’ ஜாக்குகள் இருந்தால் அவற்றிலிருந்து ஒலியைக் கணினிக்குள் கொண்டுசெல்லும், நான்கு உள்ளீடு கொண்ட இன்டர்ஃபேஸுக்கு நேரே ஒயர் போடலாம். நாங்கள் பயன்படுத்தியது பெரிங்கர் யுஎம்சி404எச்டி. ஜாக்கில் வருவது லைன் அளவு, அதுவும் -10 டெசிபெல் வகை. ஆகவே இன்டர்ஃபேஸில் ‘லைன்’ நிலையில் வைத்து, உச்சம் -12 டெசிபெல்லைத் தாண்டாதபடி கெயினை அமைத்தோம். 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ். மிக்ஸர் வழியாக எடுக்கக் கூடாது. அதன் ஈக்வலைசரும், ஒலியை இடது வலதாகப் பிரிக்கும் பேன் குமிழும் வழியிலேயே கைவைத்துவிடும். சில சின்ன மாடல்களில் தனித்தனி அவுட் இருக்காது. அங்கே ஒரு தடத்தை முழு இடதுக்கும் இன்னொன்றை முழு வலதுக்கும் தள்ளி இரண்டிரண்டாக எடுக்கலாம். ஆனால் இரண்டு ஓட்டமும் ஒரே நீளத்தில் வராது. வேகத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு வித்தியாசம் இருந்தாலே நான்கு நிமிடப் பாட்டின் முடிவில் குரலும் தாளமும் கால் நொடி விலகி நிற்கும். அதைக் கையால் வெட்டி வெட்டி ஒட்ட வேண்டிவரும்.

ஒரு சி-60 இந்த வேகத்தில் பதினைந்து நிமிடம்தான். நான்கு தடத்துக்கும் சேர்த்து வட்டில் சுமார் ஒரு ஜிகாபைட் பிடிக்கும். கேசட் தொடங்கியதிலிருந்து முடியும்வரை நிறுத்தாமல் எடுங்கள். பாட்டுகளுக்கு நடுவே இருப்பதை வெட்டத் தோன்றும், வெட்டாதீர்கள். அண்ணன் ‘ஒண்ணு ரெண்டு’ எண்ணுவது, தவறிய ஸ்வரத்துக்குத் தன்னையே திட்டிக்கொள்வது, வாசலில் பால்காரர் மணி, இவையெல்லாம் அந்த இடைவெளிகளில்தான் இருந்தன. வீட்டார் முதலில் கேட்டதும் அவற்றைத்தான். அவற்றைத் தனி ஃபைலாக எடுத்துக் கொடுத்தோம்.

இரைச்சல் குறைப்புதான் இந்த வேலையில் பலரும் தடுமாறும் இடம். டாஸ்காமின் முதல் நான்கு தடக் கேசட் கருவியான 144, 1979-ல் வந்தது. அதில் டால்பி பி என்ற இரைச்சல் குறைப்பு முறை. அடுத்து வந்த 244 முதல் பெரும்பாலும் டிபிஎக்ஸ் என்ற வேறு முறை. ஃபாஸ்டெக்ஸ் கருவிகள் பெரும்பாலும் டால்பி. டிபிஎக்ஸ் பதியும்போது ஒலியின் ஏற்ற இறக்கத்தை டெசிபெல் கணக்கில் பாதியாக நசுக்கி, வாசிக்கும்போது இரண்டு மடங்காக விரிக்கும். அதை அணைத்து வாசித்தால் இரைச்சலும் கூர்மையும் அதிகமாகி, தாளத்தோடு சேர்ந்து ஒலி மூச்சு வாங்கும். டிபிஎக்ஸ் இல்லாமல் பதிந்ததை டிபிஎக்ஸ் போட்டு வாசித்தால் ஒவ்வொரு ஸ்வரத்தின் வாலும் வெட்டுப்பட்டு, கதவு திறந்து மூடுவதுபோல் கேட்கும். முதல் பத்து நொடியிலேயே எது என்று காதுக்குத் தெரிந்துவிடும். அட்டையில் எழுதியிருந்தாலும் காதால் சரிபாருங்கள். அண்ணன் இரண்டு கேசட்டில் மாற்றி எழுதியிருந்தார்.

டிபிஎக்ஸில் இன்னொன்றும் உண்டு. விரிப்பது இரண்டு மடங்கு என்பதால் குறையும் இரண்டு மடங்காகும். ஹெட் அழுக்கால் உச்ச ஒலிகளில் 3 டெசிபெல் குறைந்தால், வெளியே வரும்போது அது 6 டெசிபெல் குறையாக வரும். நாடாவில் ஒரு சின்ன மங்கல் இருந்தால் குரல் ஒரு கணம் பள்ளத்தில் விழும். ஒவ்வொரு கேசட்டுக்கும் முன்னால் ஹெட்டைத் துடைப்பது இங்கே வெறும் சடங்கு இல்லை. பஞ்சில் பழுப்பு நிறம் வருவது நிற்கும்வரை துடைத்தோம்.

எங்களை அதிகம் அலைக்கழித்தது வேகம்தான். மோட்டார் வேகத்தை 3,150 ஹெர்ட்ஸ் சோதனைக் கேசட் கொண்டு அமைத்தாகிவிட்டது. ஆனால் பாட்டு பதிந்த அன்று கருவி எந்த வேகத்தில் ஓடியது? இதற்கு வெளிநாட்டவர் எழுதிய கையேடுகளில் ஒரு அழகான வழி உண்டு: பாட்டோடு சேர்ந்து பதிந்த மின்சார ஹம்மை (ரீங்காரத்தை) அளந்து, அது 50 ஹெர்ட்ஸுக்கு அல்லது அதன் மடங்குகளுக்குச் சரியாக வரும்படி வேகத்தை மாற்றுவது. கிடார் தடத்தில் 100 ஹெர்ட்ஸில் இருக்க வேண்டிய ஹம் 97.4-ல் இருந்தது. 2.7 சதவீதம் கூட்டினோம். அண்ணனின் குரல் சின்னப் பையன் குரலாகத் தொனித்தது. அதே பாட்டில் யமஹா பிஎஸ்ஆர் கீபோர்டின் 440 ஹெர்ட்ஸ் ஸ்வரத்தை அளந்தால் 437 வந்தது, அதாவது குறை 0.7 சதவீதம்தான். இரண்டும் ஒன்றுக்கொன்று ஒத்துவரவில்லை.

காரணம் நம்ம ஊர் மின்சாரம். 1990-களில் தென்மாநிலங்களில் தேவை ஏறும்போது மின்கட்ட அலைவெண் 50-லிருந்து நன்றாகவே இறங்கும். ஹம்மை அந்த 0.7 சதவீதத்தோடு கணக்கிட்டால் அன்று இரவு மின்சாரம் கிட்டத்தட்ட 49 ஹெர்ட்ஸில் ஓடியிருக்கிறது. கேசட் கருவியின் மோட்டார் நேர்மின் மோட்டார், மின்கட்டத்தின் அலைவெண் அதன் வேகத்தைத் தொடாது. ஆக, மின்கட்டம் நிலையாக இருந்த நாட்டுக்கு அந்த வழி சரி. இங்கே 2000-களின் தொடக்கம்வரை பதிந்த நாடாக்களுக்கு அதை நம்ப முடியாது. அலைவெண் மாறாத கிரிஸ்டலில் ஓடும் கீபோர்டு, ரிதம் மெஷின் இவைதான் அளவுகோல். சுருதிப் பெட்டியையும் நம்பாதீர்கள். அதில் திருகு வைத்து இஷ்டத்துக்கு ஏற்றி இறக்கலாம். நோட்டில் ‘ஐந்து கட்டை’ என்று எழுதியிருந்தாலும் அது துல்லியம் ஆகாது.

அட்டையில் இருந்த ‘பிட்ச் -2’ இங்கே விளங்கியது. 424-ல் வேகத்தைக் கொஞ்சம் ஏற்றி இறக்கும் குமிழ் உண்டு. உச்ச ஸ்தாயி எட்டாத பாட்டில் அண்ணன் குமிழை இறக்கி, வாசித்ததை மெதுவாக ஓடவிட்டு, அதன்மேல் குரலைப் பதிந்து, பிறகு குமிழை நடுவுக்குக் கொண்டுவந்திருக்கிறார். அந்தப் பாட்டில் கீபோர்டு 440-ல் இருக்கும்போது குரல் கொஞ்சம் இளமையாகக் கேட்பதே அவர் விரும்பியது. அதைத் ‘திருத்த’வில்லை. மாற்றும்போது மென்பொருளில் வேகத்தை மாற்றும் கட்டளையைத்தான் எடுக்க வேண்டும், சுருதியை மட்டும் மாற்றும் கட்டளையை அல்ல. பின்னது ஒலியைத் துண்டு துண்டாக நறுக்கித் தைக்கும்.

நான்காம் தடத்தில் சில கேசட்டுகளில் விடாத கீச்சொலி இருந்தது. பழுதென்று நினைத்து அழித்துவிடாதீர்கள். அது சிங்க் கோடு: நாடா ஓடும்போது அந்தக் கீச்சொலியைப் பின்பற்றி, ஸ்வரங்களை நினைவில் வைத்துக் கீபோர்டை வாசிக்கவைக்கும் மிடி சீக்வென்ஸர் கூடவே ஓடும். இதற்காகவே பல மாடல்களில் நான்காம் தடத்துக்கு மட்டும் டிபிஎக்ஸை நிறுத்தும் ஏற்பாடு உண்டு; அந்தத் தடத்தை டிபிஎக்ஸ் போட்டு எடுத்தால் கோடு சிதைந்துவிடும். இதன் பொருள் என்னவென்றால், அந்தப் பாட்டுகளில் கீபோர்டும் ஸ்ட்ரிங்ஸும் நாடாவிலேயே இல்லை. அவை சீக்வென்ஸரிலிருந்து நேரே கலவைக்குப் போயிருக்கின்றன. அப்போதுதான் பெட்டியின் அடியில் கிடந்த ஃபிளாப்பிகளின் அருமை தெரிந்தது. யுஎஸ்பி ஃபிளாப்பி டிரைவில் முதலில் வட்டு முழுவதையும் ஒரு இமேஜ் ஃபைலாக நகலெடுத்து, நகலைத்தான் திறந்தோம். சிலவற்றில் சாதாரண மிடி ஃபைல்கள் அப்படியே இருந்தன. ஃபைலின் வேகத்தை நாடாவின் ஹை-ஹேட்டோடு பொருத்தி, அதே வகைக் கீபோர்டை ஒரு நண்பரிடம் இரவல் வாங்கி வாசிக்கவைத்தால், வெறும் கிடாரும் குரலுமாகக் கிடந்த பாட்டின்மேல் முழு இசைக்கோவையும் வந்து உட்கார்ந்தது. மொத்த வேலையிலும் இதற்கு ஈடாக எதுவும் இல்லை.

இன்னொரு விசித்திரம். ஒரு பாட்டின் நடுவில் சுருதி சட்டென்று மேலே பாய்ந்து அறுந்தது. நாடா சுருங்கியதா, கசங்கியதா என்று கூட்டைத் திறந்து பார்த்தால் நாடா கண்ணாடிபோல் இருக்கிறது. அது மின்வெட்டு. பதிந்துகொண்டிருக்கும்போது மோட்டார் தளர்ந்து நாடா மெதுவாகிறது. மெதுவான நாடாவில் பதிந்ததைச் சரியான வேகத்தில் வாசிக்கும்போது சுருதி ஏறிக் கேட்கும். இறங்கிக் கேட்டால் வாசிக்கும் கருவியில் கோளாறு. ஏறிக் கேட்டால் அது பதிந்த அன்று நடந்தது, நம்மால் செய்ய ஒன்றும் இல்லை. அதே பாட்டின் அடுத்த டேக் அதே கேசட்டில் மூன்று நிமிடம் தள்ளி இருந்தது.

தடங்கள் தீரும்போது மூன்றை ஒன்றாகக் கலந்து நான்காவதுக்கு மாற்றிவிட்டு, பழைய மூன்றின்மேல் புதிதாகப் பதிவது வழக்கம். அப்படிக் கலந்ததை நாடாவிலிருந்து பிரிக்க வழி இல்லை. டெமக்ஸ் போன்ற இலவச மென்பொருள் குரல், டிரம்ஸ், பேஸ், மற்றவை என்று பிரித்துத் தரும். குரலை ஓரளவு நன்றாகவே எடுத்தது. ஆனால் தபேலா ஜோடியில் இடது கை டக்காவைப் பேஸிலும் வலது கைத் தபேலாவை டிரம்ஸிலுமாகக் கிழித்துப் போட்டது. கலவையில் அதைப் பயன்படுத்தவில்லை. வரிகளைக் கேட்டு எழுதிக்கொள்ள மட்டும் உதவியது.

கலவையில் எங்களுக்கு வழிகாட்டி அண்ணனின் நோட்டு. ‘சரணத்தில் கிடார் 5, பல்லவியில் 7’ என்று ஒலியளவைக் கூட்டிக் குறைக்கும் ஃபேடரின் எண்களை எழுதிவைத்திருந்தார். இரண்டு பாட்டுகளுக்கு அவரே இறக்கிய ஸ்டீரியோ கேசட்டும் இருந்தது. அது சாதாரண வேகம், டால்பி பி. வேறு டெக்கில் தனியாக எடுத்தோம். எந்த வாத்தியம் எவ்வளவு முன்னால் நிற்க வேண்டும் என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம். குரலில் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டினோம். ஹம்மை நீக்க ஃபில்டர் போட்டபோது 50, 100, 150 என்று கண்ணை மூடிக்கொண்டு போடாமல் அந்தந்தப் பாட்டில் அளந்த எண்ணுக்கே போட்டோம்; வேகம் திருத்தியபின் 98.1, 147.1 என்றுதான் இருக்கும். இரைச்சல் நீக்கியைப் பாட்டின் தொடக்க, முடிவு அமைதிகளில் 6 டெசிபெல் மட்டும் போட்டு, நடுவில் தொடவில்லை. அதற்குமேல் போனால் அவர் குரலின் மூச்சு போய்விடுகிறது. சுருதி திருத்தம், தாளத்தைக் கட்டத்தில் இழுத்து ஒட்டுவது இரண்டும் கூடாது என்பதில் வட்டத்தில் எல்லோரும் ஒரே மனதாக இருந்தோம். அவர் கொஞ்சம் முந்தி வாசிப்பார். அந்த முந்தல்தான் அவர்.

நான்காம் தடம் காலியாகவே கிடந்த மூன்று பாட்டுகளில் விவாதம் வந்தது. ஒருவர் வயலின் சேர்க்க ஆசைப்பட்டார், இன்னொருவர் பேஸ். இரண்டு பதிப்பாகச் செய்தோம். ஒன்றில் அண்ணனின் தடங்கள் மட்டும். மற்றொன்றில் நண்பர்கள் வாசித்தவை, யார் எப்போது வாசித்தார் என்று ஃபைலின் பெயரிலேயே எழுதி. இரண்டையும் ஒரே ஃபோல்டரில் வைக்கவில்லை. பத்து வருடம் கழித்துக் கேட்பவருக்கு எது அவருடையது என்று தடுமாற்றம் வரக்கூடாது.

வெளியிடுவதற்கு முன் எழுத்தில் ஒப்புதல் வாங்குங்கள். இந்தியச் சட்டப்படி பாட்டின் பதிப்புரிமை ஆசிரியர் இறந்தபின்னும் 60 ஆண்டு நீடிக்கும். உரிமை வாரிசுகளுக்குப் போகும், நண்பர்களுக்கு இல்லை. வரிகளை வேறொருவர் எழுதியிருந்தால் அவருடைய ஒப்புதல் தனி. கேசட்டில் பயிற்சிக்காகப் பதிந்த சினிமாப் பாட்டுகளும் இருந்தன. அவை வீட்டாரிடம் மட்டும் இருக்கின்றன.

ஒவ்வொரு கேசட்டுக்கும் ஒரு ஃபோல்டர்: மாற்றம் எதுவும் செய்யாத நான்கு வேவ் ஃபைல்கள், அட்டைப் படங்கள், கருவி, வேகம், டிபிஎக்ஸ் நிலை, வேகத் திருத்த எண் எழுதிய ஒரு உரை ஃபைல். மூன்று நகல், அதில் ஒன்று வேறு ஊரில். கேசட்டுகளைத் தூக்கி எறியவில்லை.

செலவு: ஆல்கஹால் அரை லிட்டர் 280 ரூபாய், வெளிநாட்டிலிருந்து வரவழைத்த பெல்ட் தபால் செலவோடு 1,400, நான்கு ஒயர் 600, ஒட்டுநாடாவும் காலிக் கூடுகளும் 900, டீமேக்னடைசர் பழையது 500. இன்டர்ஃபேஸும் யுஎஸ்பி ஃபிளாப்பி டிரைவும் இரவல். பதிவுக்கு ரீப்பர் மென்பொருள், கட்டண உரிமம் ஒருவரிடம் ஏற்கனவே இருந்தது. இலவசமாக வேண்டுமென்றால் ஆடாசிட்டியும் இந்த வேலைக்குப் போதும், இன்டர்ஃபேஸின் நான்கு உள்ளீட்டையும் அது பார்க்கிறதா என்று மட்டும் முன்கூட்டியே சோதியுங்கள்.

அடுத்த பெட்டி வந்தால் வரிசையில் இரண்டை மாற்றுவோம். ஃபிளாப்பிகளைக் கடைசியில் பார்த்தோம். அவை நாடாவைவிட வேகமாகக் கெடுகின்றன, முதல் நாளே நகலெடுக்க வேண்டும். அடுத்தது, எல்லாக் கேசட்டையும் எடுத்து முடித்தபிறகு வேகம் கணக்கிட்டோம். ஒரு கேசட் எடுத்தவுடனேயே கீபோர்டு ஸ்வரத்தை அளந்து எழுதினால் பெல்ட் வழுக்குகிறதா என்பதும் கூடவே தெரிந்துவிடும். இரண்டு ஃபிளாப்பிகள் இன்னும் திறக்கவில்லை. யுஎஸ்பி டிரைவ் அவற்றை ஃபார்மேட் செய்யாத வட்டு என்கிறது. சீக்வென்ஸரின் சொந்த ஃபார்மேட்டாக இருக்க வேண்டும். பழைய கணினியின் உள் டிரைவ் ஒன்று தேடிக்கொண்டிருக்கிறோம்.